பழைய கசற்றுகளும் எளிய பக்கங்களும்

1972ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'மக்னவொக்ஸ் ஒடிசி' என்னும் சாதனமே, வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடக்கூடியதாக விற்பனைக்கு வந்த முதலாவது வீடியோ விளையாட்டு இயந்திரமாகும். ரால்ஃப் பேயர் என்ற பொறியியலாளரின் சிந்தனையில் உருவானது. அவ்வியந்திரத்திற்கு ஒலி இல்லை, நிறம் இல்லை, புள்ளிகளைக் கணக்கிடும் ஆற்றலும் இல்லை. திரையில் தோன்றியவை ஒரு சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும் மாத்திரமே. அச்சதுரங்கள் எப்போது டென்னிஸ் வீரர்களாகும், எப்போது பேய்வீட்டில் துப்பறிபவராகும் என்பதைத் தீர்மானித்தவை, தொலைக்காட்சிக் கண்ணாடியின்மீது ஒட்டுவதற்கெனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்த வண்ணப் பிளாஸ்திக் தாள்கள். தாயக்கட்டைகளும் சீட்டுகளும் பொய்ப் பணத்தாள்களுங்கூட அப்பெட்டிக்குள் இருந்தன.

இன்று ஒருவரிடம் அவ்வியந்திரம் பழுதின்றி இருந்து, அத்தாள்களும் விதிப்புத்தகமும் தொலைந்துவிட்டனவாயின், அவர் காண்பது சில வெள்ளைச் சதுரங்களையே. விளையாட்டு இயந்திரத்திற்குள் இல்லை. அதனைச் சுற்றியிருந்த தாள்களிலும் சொற்களிலும் இருந்தது. பழைய விளையாட்டுகளைச் சேகரிப்போர் ஏன் பட்டியல் எழுதுகிறார்கள், அப்பட்டியலை இணையத்தில் ஏன் வைக்கிறார்கள் என்று வினவும் நண்பர்களுக்கு நான் சொல்லும் முதற்கதை இதுதான்.

விளையாட்டுகளைச் செய்து விற்றவர்கள் அவற்றின் வரலாற்றைப் பேணவில்லை. இது சற்றுக் கடுமையான கூற்றாகத் தோன்றலாம். ஆயினும் சான்றுகள் அவ்வாறே பேசுகின்றன. 1977இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற அட்டாரி இயந்திரத்திற்கு விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயர்களைக் கொம்பனி வெளியிடவில்லை. 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை எழுதிய வொறன் றொபினெற், எவருக்கும் சொல்லாமல் அதனுள்ளே ஓர் இரகசிய அறையை அமைத்துத் தமது பெயரை அதற்குள் ஒளித்துவைத்தார். இந்தப் பெயர் விவகாரமும் ஊதியக் குறையும் சேர்ந்து அட்டாரியின் ஆற்றல்மிக்க நால்வரை வெளியேறச் செய்தன. 1979இல் 'அக்டிவிஷன்' தோன்றியது இவ்வாறே. (நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தியாளரின் பெயர் அச்சேறுவது அபூர்வம் என்பதால், றொபினெற்றின்மீது எனக்கு இயல்பாகவே ஓர் அனுதாபம் உண்டு.)

அடுத்த சான்று இதனிலும் வெளிப்படையானது. 1982 டிசெம்பரில் அட்டாரி வெளியிட்ட 'ஈ.ரீ.' விளையாட்டை ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுதி முடிக்க நேர்ந்தது. விற்பனை எதிர்பார்ப்பை எட்டவில்லை. 1983 செப்டெம்பரில், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் அட்டாரி தன் பொருட்களை லொறி லொறியாகக் கொண்டுவந்து புதைத்தது. அந்த ஊர்ப் பத்திரிகை அதனை அப்போதே செய்தியாக வெளியிட்டது. நியூயோர்க் ரைம்ஸும் வெளியிட்டது. அவ்வாறிருந்தும் காலப்போக்கில் அச்செய்தி கட்டுக்கதையென்றே பலராலும் கருதப்பட்டது. 2014 ஏப்ரல் 26ஆம் திகதி அவ்விடத்தைத் தோண்டியபோது 'ஈ.ரீ.' உள்ளிட்ட பல விளையாட்டுகளின் கசற்றுகள் வெளிவந்தன. புதைத்த பணிக்குப் பொறுப்பாயிருந்த முன்னாள் அலுவலர், மொத்தம் 7 இலட்சத்து 28 ஆயிரம் கசற்றுகள் அங்கு கொட்டப்பட்டதாகக் கூறினார். மீட்கப்பட்டவை ஏறத்தாழ 1,300. அச்சில் வந்த செய்தியே முப்பது ஆண்டுகளில் கட்டுக்கதையாகிவிடுமெனில், அச்சில் ஏறாதவற்றின் கதி என்ன?

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அரும்பொருட்காட்சியகத்தாரோ பேராசிரியர்களோ அல்லர். பழைய சந்தைகளிலும் வீட்டுத் திண்ணை விற்பனைகளிலும் கசற்றுகளைத் தேடியலைந்த சேகரிப்பாளர்களே. 1991இல் ஜோ சந்துல்லி, கெவின் ஒலெய்னிகஸ் என்ற இருவர் 'டிஜிட்டல் பிரெஸ்' என்ற சிற்றிதழைத் தொடங்கினர். யூஸ்நெட் எனப்பட்ட செய்திக்குழுக்களிலும் நீண்ட பட்டியல்கள் வலம்வந்தன. அங்கு எழுத்துகள் மட்டுமே செல்லக்கூடியனவாயிருந்தமையால், இடைவெளிகளை எண்ணி எண்ணித் தட்டி நிரல்களை நேர்ப்படுத்தினார்கள். விளையாட்டின் பெயர், வெளியிட்டோர், ஆண்டு, கிடைக்கும் அருமை: நான்கு நிரல்களில் அடங்கிய வரலாறு. அழகு எதுவுமில்லை. ஆனால் அந்த எழுத்துக்கோப்புகளை இன்றும் எந்தக் கணனியும் திறக்கும்.

1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அவ்வாண்டில் வெளிவந்த 'மொசைக்' உலாவி சொற்களுக்கிடையே படங்களையும் காட்டியது. சேகரிப்பாளர்கள் பட்டியலைவிட்டுப் படத்திற்குத் தாவினர். 1994இல் தொடங்கி மறு ஆண்டில் 'ஜியோசிற்றீஸ்' எனப் பெயர்மாறிய தளம் எவருக்கும் இலவசமாக ஒரு வீட்டுமனையைத் தந்தது. மனைகள் 'ஊர்'களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. விளையாட்டுப் பிரியர்களுக்குரிய ஊரின் பெயர் 'ரைம்ஸ்குவெயர்'.

அக்காலப் பக்கங்களைக் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கறுப்புப் பின்னணியில் விண்மீன்கள், அவற்றின்மேல் கடும்பச்சை எழுத்து, கண்சிமிட்டும் தலைப்பு, கேளாமலே ஒலிக்கும் இசை, 'கட்டுமானம் நடைபெறுகிறது' என்று மண்வெட்டியுடன் இடைவிடாது குனிந்து நிமிரும் பொம்மை. அச்சகத்தில் நாற்பது வகை எழுத்துருக்கள் வந்திறங்கிய மறுநாள் வெளியான பத்திரிகையைப் போன்ற தோற்றம். இவற்றை இன்று நினைத்து உருகுவோர் உளர். நான் அவர்களுள் ஒருவன் அல்லன். தொலைபேசி இணைப்பின் உச்சவேகம் வினாடிக்கு 56 கிலோபிற்று, அதாவது ஏறத்தாழ 7 கிலோபைற்று. 70 கிலோபைற்று நிறையுள்ள ஒரேயொரு கசற்றின் படம் வந்துசேரப் பத்து வினாடி. நூறு கசற்றுகளை ஒரே பக்கத்தில் படமாக அடுக்கியவர், தம் வாசகரைப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் காத்திருக்கச் செய்தார். காத்திருந்தவர் எத்தனை பேர்?

காத்திருந்தாலும் பயன்பெற முடியாத ஒரு வாசகர் கூட்டமும் இருந்தது. அவர்களைப் பற்றிப் பேச, விளையாட்டுச் சேகரிப்பிலிருந்து சற்று விலகி, உண்மையான விளையாட்டுத் திடலொன்றுக்குச் செல்லவேண்டியுள்ளது. இணையப் பக்கத்தை எவரும் வாசிக்கக்கூடியதாக அமைப்பது பற்றிய தெளிவான ஆரம்பத் தீர்ப்புகளுள் ஒன்று 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தளம் பற்றியதாகும். அங்கு சர்ச்சைக்குள்ளானதும் ஓர் அட்டவணையே.

புறூஸ் மகுவயர் பிறவியிலேயே பார்வையற்ற அவுஸ்திரேலியர். கணனித் திரையில் வரும் எழுத்துகளைப் புடைப்புப் புள்ளிகளாக விரல்நுனிக்குத் தரும் பிறெயில் கருவியின் உதவியுடன் இணையத்தை வாசித்துவந்தார். சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக்குழுவின் தளத்தை அவரால் வாசிக்க இயலவில்லை. படங்களுக்குப் பதிற்சொற்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. போட்டிகளின் சுட்டிப் பக்கத்திற்குச் செல்ல வழியில்லை. முடிவுகளின் அட்டவணைகளும் எட்டவில்லை. 1999 ஜூனில் அவர் அந்நாட்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார். தளத்தைத் திருத்த இருபது இலட்சம் டொலருக்கு மேல் செலவாகும், அது தாங்கவொண்ணாச் சுமை என்று ஏற்பாட்டுக்குழு வாதிட்டது. சாட்சியமளித்த நிபுணர்கள் செலவு அதனிலும் மிகக் குறைவு என்றனர். 2000 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஆணைக்குழு மகுவயரின் பக்கம் தீர்ப்பளித்தது: தளம் சட்டத்திற்கு மாறாகப் பாகுபாடு காட்டுகிறது, போட்டிகள் தொடங்கும் செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் திருத்தவேண்டும். குழு அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. நவம்பரில் 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் கேட்கப்பட்டவை எவையும் புதுமையானவை அல்ல. 1997 டிசெம்பரில் வெளியான எச்.ரீ.எம்.எல். 4.0 விதி, ஒவ்வொரு படத்திற்கும் மாற்றுரை கட்டாயம் என்று ஏற்கெனவே கூறியிருந்தது. 1999 மே 5ஆம் திகதி வெளியான அணுகுதிறன் வழிகாட்டியின் முதலாவது நிபந்தனையும் அதுவே. அட்டவணையில் எது தலைப்பு, எது தரவு என்பதைக் குறித்துக்காட்ட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் உண்டு. ஐம்பது முறை 'படம், படம், படம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, விளையாட்டுச் சேகரிப்புப் பக்கமும் ஒலிம்பிக் பக்கமும் ஒன்றுதான்.

மாற்றுரை என்பது 'கசற்றின் படம்' என்று எழுதுவதன்று. ஒட்டுத்தாளின் நிறம் என்ன, மூலையில் கிழிந்துள்ளதா, பின்புறத்தில் கடைக்காரரின் முத்திரை உண்டா என்று ஒரு வரியில் எழுதவேண்டும். எழுத முற்படும்போதுதான் சேகரிப்பவரே தமது பொருளைச் சரியாகப் பார்க்கிறார். படம் எடுப்பவன் பார்க்கத் தவறுவதைப் படவிளக்கம் எழுதுபவன் பார்ப்பான் என்பது எமது தொழிலில் எல்லோரும் அறிந்ததே. அப்படம் நாளை அழிந்தாலும் அவ்வரி எஞ்சும் என்பது மற்றுமோர் இலாபம்.

தமிழில் இத்தகைய பக்கம் அமைப்போருக்கு இன்னுமொரு தடை இருந்தது. தொண்ணூறுகளில் நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்தபோது இலங்கைத் தமிழ்க் கணனிகளில் பாமினி எழுத்துருவே பரவலாயிருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று பாமினியில் எழுதியதைத் திரைவாசிப்பான் மென்பொருளிடம் கொடுத்தால், 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே அது உச்சரிக்க முடியும். தேடுபொறிக்கும் அதே கதிதான். எழுத்துரு நிறுவப்படாத கணனியில் பார்வையுள்ளவருக்கும் அதே கதிதான். யுனிகோட் தரம் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், நாம் அதற்கு மாறப் பல ஆண்டுகள் எடுத்தோம். எமது தலைமுறை எழுதிய செய்திகளுள் பல இன்றும் பாமினிக் கோப்புகளில், ஒருவரும் வாசிக்க இயலாத ஆங்கிலப் பிதற்றலாகக் கிடக்கின்றன. பார்வையற்றவருக்கு அன்று மூடிய கதவு, இருபது ஆண்டுகளில் எல்லோருக்கும் மூடிவிட்டது.

நான் இக்கட்டுரையில் சொல்லவருவதும் அதுவே. எளிய பக்கம் என்பது இயலாதோருக்குச் செய்யும் சலுகையன்று. பிறெயில் கருவி வாசிக்கக்கூடிய பக்கத்தை, இன்னும் பிறக்காத கருவியும் வாசிக்கும். இதற்கு எதிர்ச்சான்று வேண்டுமாயின் ஃபிளாஷ் இருக்கிறது. 2000களில் 'தளம்' என்றாலே அசையும் முகப்பு இருக்கவேண்டும் என்ற மோகம் பரவி, விளையாட்டுத் தளங்கள் பலவும் ஃபிளாஷில் அமைக்கப்பட்டன. 2020 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. அப்பக்கங்கள் வெறும் சாம்பல்நிறக் கட்டங்களாயின. மறுபுறத்தில், 1996இல் 'ஸ்பேஸ் ஜாம்' திரைப்படத்திற்கென எளிய எச்.ரீ.எம்.எல்.இல் அமைத்த தளம், 2021இல் அடுத்த படம் வந்தபோதும் அழிக்கப்படாமல் வேறு முகவரிக்கு மாற்றப்பட்டு, அதே தோற்றத்தில் திறந்தது. அதன் விண்மீன் பின்னணி என் கண்ணை உறுத்துவது வேறு விடயம்.

இன்னொரு சம்பவம் எனக்குக் கூடுதலாகப் பிடித்தமானது. 1999 மார்ச்சில் ஜிம் லெனார்ட், பிறயன் ஹேர்ட் ஆகியோர் 'மோபிகேம்ஸ்' என்ற விளையாட்டுத் தரவுத்தளத்தைத் தொடங்கினர். ஆர்வலர்கள் பெயர்களையும் பெட்டிப் படங்களையும் ஊதியமின்றிச் சேர்த்து அதனை வளர்த்தனர். தளம் பின்னர் ஒரு கொம்பனியின் கைக்கு மாறியது. 2013 செப்டெம்பரில் அக்கொம்பனி பழைய எளிய அமைப்பைக் களைந்து புதுக்கோலம் புனைந்தது. பக்கங்கள் மந்தமாயின, பழகிய வசதிகள் காணாமற்போயின, தரவு சேர்த்துவந்தோர் வேலைநிறுத்தம் செய்யாத குறையாக ஒதுங்கினர். அவ்வாண்டு டிசெம்பரிலேயே தளம் வேறொருவருக்கு விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் செய்த முதல் வேலை பழைய அமைப்பை மீட்டதுதான்.

ஆயினும் எளிமை மட்டும் போதாது. ஜியோசிற்றீஸ் பக்கங்கள் கோலத்தில் எப்படியிருந்தாலும் கட்டுமானத்தில் எளியவையே. யாகூ கொம்பனி அதனை 1999இல் 350 கோடி டொலருக்கும் அதிகமான பெறுமதிக்கு வாங்கி, 2009 ஒக்டோபர் 26ஆம் திகதி மூடியது. 'ரைம்ஸ்குவெயர்' ஊரின் கசற்றுப் பட்டியல்களும் அத்துடன் போயின. ஜேசன் ஸ்கொட் தலைமையிலான தன்னார்வலர்கள் இரவுபகலாகப் பிரதியெடுத்து மீட்டது ஒரு பகுதியையே. பெரிய பத்திரிகைக்கும் விதிவிலக்கு இல்லை: 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபோமர்' இதழ் 2024 ஓகஸ்டில் திடீரென மூடப்பட்டபோது, அதன் தளத்திலிருந்த கட்டுரைகள் யாவும் மறைந்து ஒரேயொரு பிரியாவிடைச் செய்தி மட்டும் நின்றது. 2025 மார்ச்சில் வேறொரு கொம்பனி அதனை வாங்கி மீட்டது தற்செயலான நல்லூழ். ஆகவே வாடகைக்கு இருப்பவர் தம் பொருட்களின் பிரதியைத் தம்மிடம் வைத்திருத்தல் அவசியம். சில நூறு கசற்றுகளின் பட்டியல் எளிய எழுத்தாக ஒரு மெகாபைற்றைக்கூட எட்டாது. ஒரு நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு அக்கறை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று நிறுவகம் வெளியிட்ட ஆய்வின்படி, 2010இற்கு முன்னர் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை கடைகளில் முறைப்படி வாங்கக் கிடைப்பதில்லை. அவற்றை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்களுக்கு விதிவிலக்குத் தருமாறு கேட்ட விண்ணப்பத்தை 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. விளையாட்டைப் பகிர்வதற்குத் தடை உண்டு. அதனைப் பற்றி எழுதுவதற்குத் தடை இல்லை.

எனவே என்ன எழுதுவது என்பதே கேள்வி. பெயரும் ஆண்டும் எங்கும் கிடைக்கும். கையில் உள்ள பொருளில் மட்டும் தெரிவதை எழுதுவதே பயன். யப்பானிய நின்டென்டோ கசற்றில் 60 ஊசிகள். அமெரிக்க, ஐரோப்பிய வடிவத்தில் 72. அமெரிக்காவுக்கென எழுதியதை மாற்றாமல் ஐரோப்பிய 50 ஹேர்ட்ஸ் இயந்திரத்தில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். நமது தொலைக்காட்சியும் அம்முறையைச் சார்ந்ததே. 1987இல் அமெரிக்காவில் வெளியான 'செல்டா'வின் பொன்னிறக் கசற்றுக்குள் சேமிப்பு நினைவகத்திற்கென நாணய வடிவ மின்கலம் ஒன்றுண்டு. அது மாற்றப்பட்டதா, எப்போது மாற்றப்பட்டது என்பது அப்பொருளின் மருத்துவக் குறிப்பு. இவற்றுக்கு ஓர் அட்டவணை, தலைப்பு நிரை, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, கேட்டால் மட்டும் திறக்கும் படம்: இதற்குமேல் அலங்காரம் எதுவும் வேண்டியதில்லை.

நம் பக்கத்துச் சேகரிப்பாளர் ஒருவர் அமர்வாராயின், அவர் அட்டவணையில் வேறெவருக்கும் தேவைப்படாத இரண்டு நிரல்கள் தேவைப்படும். நம்மவர் 'ரீவி கேம்' என்றழைத்தவை பெரும்பாலும் நின்டென்டோவின் 1983ஆம் ஆண்டு இயந்திரத்தைப் பார்த்துச் செய்த போலிகளே. அவற்றின் கசற்றுகளைச் செய்தவர் பெயர் எந்த நிறுவனப் பதிவிலும் இல்லை. உரிமை கோருவோர் இல்லாதவற்றை எந்த நிறுவனமும் பட்டியலிடப்போவதுமில்லை. ஒட்டுத்தாளில் 9999 விளையாட்டுகள் என்றிருக்கும். போட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடி விளையாட்டுகளே பெயர் மாறி, நிறம் மாறி, இடையில் ஒரு கட்டத்திலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். ஆகையால் முதலாவது நிரல், ஒட்டுத்தாள் கூறும் எண்ணிக்கை. இரண்டாவது நிரல், உட்கார்ந்து எண்ணிப் பார்த்த எண்ணிக்கை.